கூழாங்கல்லுக்கு அடியில் மாதா

செபமாலையின் இரண்டாம் பத்தில் எட்டு மணி உருட்டினேனா ஒன்பதா என்று தெரியவில்லை, விரல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கண் தொட்டியை விட்டு வரமாட்டேன் என்கிறது. கேப்டன் மறுபடியும் மேலே வந்துவிட்டான். தண்ணீர் முடிகிற இடத்தில் வாயை வைத்துத் திறந்து மூடி, திறந்து மூடி, என் உதடு அசைகிற மாதிரியே அசைக்கிறான், அவனும் ஏதோ செபம் சொல்கிறானோ என்னவோ. ஆறு வருஷத்துத் தங்கமீன். வால் ஒரு பக்கம் கோணல். என் மகன் ரெக்சன்தான் இந்தத் தொட்டியை வாங்கி வைத்தது, அவன்தான் பேரும் வைத்தது. கோணவாலுக்கு எதுக்குய்யா கேப்டன் பட்டம் என்று கேட்டேன், எல்லாக் கேப்டனும் கோணல்தாம்மா, கப்பல்ல வந்து பாரு என்றான். மத்தியானம் மூன்று மணி. உள் அறையில் இவர் தூங்குகிறார், குறட்டை ஏறி இறங்கி ஏறுகிறது, ஃபேன் அதற்கு ஒத்து ஊதுகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், நேற்று வந்த கார்ப்பரேஷன் தண்ணீர், மருந்து வாடை போகட்டும் என்று ஒரு நாள் பூராவும் திறந்து வைத்தது. செபமாலை முடிந்ததும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இதை ஊற்ற வேண்டும். இது நான்காவது தடவை. ஊற்றி என்ன பிரயோசனம்? ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். பிளாஸ்டிக் கோட்டைக்குப் பின்னால், கூழாங்கல்லுக்கு அடியில், மாதா இருக்கிறாள்.

நான்தான் போட்டேன். ரெக்சன் கப்பலேறிப் போன மறுநாள், இரண்டு மாதம் ஆகப் போகிறது. சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை அவனுக்கு. அவன் அறையைக் கூட்டப் போனபோது கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கியது, மாதா மெடலும் அதைக் கோத்த சங்கிலியும். ஒன்பது வயதில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை, வாங்கிய அன்றைக்கு நான் அவன் கழுத்தில் போட்டது. திருவிழாக் கடையில் வாங்கியது, பொன்முலாம் என்றைக்கோ போய் உள்ளே இருந்த செம்பு தெரியும். பதினெட்டு வருஷம் அந்தக் கழுத்தைவிட்டு இறங்காத மாதா ஆணியில் தொங்குகிறாள். விளக்குமாற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கொச்சியில் இருந்து பேசியபோது கேட்டேன், எஞ்சின் ரூம்ல சங்கிலி போடக் கூடாதும்மா, எதுலயாவது மாட்டிச்சுன்னா தலையோட இழுத்துரும் என்றான். சரி, நியாயம்தான். கழுத்தில் போட வேண்டாம், பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கலாமே, ஒரு சட்டைக்குள் சுருட்டி வைக்கலாமே, என்ன கனம் கனத்துவிடும்? அதை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம். சின்ன வயதில் வேனல் காலம் வந்தால் அவன் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு விழும், வியர்வையில் செம்பு ஊறி. பள்ளிக்கூடத்தில் பச்சைப்பாம்பு, பச்சைப்பாம்பு என்று கூப்பிடுவார்களாம். அழுதுகொண்டு வருவான். புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்ப்பேன், நெளிவான், எரியுதும்மா என்பான். யம்மா, இதக் கழட்டிரட்டா? கழட்டுனா மாதா கோவிச்சுக்கிருவாடா. அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. பதினெட்டு வருஷம் கேட்கவில்லை, பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

கடலுக்குள் போய்ப் போட எனக்கு வழியில்லை. எந்தக் கடலில் போகிறான் என்றே தெரியாது, வரைபடம் பார்க்கத் தெரிந்த படிப்பும் இல்லை, எட்டாவதோடு நின்றவள் நான். இது அவன் தொட்டு வளர்த்த தண்ணீர். கல் ஒவ்வொன்றையும் அவனே கழுவிப் போட்டான். அவன் தண்ணீர் மேல் இருக்கிறான், மாதா அவனுடைய தண்ணீருக்குள் இருக்கட்டும் என்று அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் போயிற்று. கையை விட்டுக் கல்லை ஒதுக்கி, வைத்து, மூடினேன். மூடும்போது சும்மா மூடியிருக்கக் கூடாதா? வாய் சொல்லிவிட்டது. தாயே, என் பிள்ளை கரை இறங்குற வரைக்கும் இதை நான் எடுக்க மாட்டேன், நீ அவனை விட்டுறக் கூடாது. சொல்லிவிட்டால் நேர்ச்சைதான். மனதுக்குள் சொன்னாலும் நேர்ச்சைதான். நான் சத்தமாகவே சொன்னேன்.

மூன்றாம் பத்து. இயேசு பிறப்பு. மாட்டுத் தொழுவம். வைக்கோல். வாடை. எனக்கு இப்போது வருகிற வாடை வேறே, நத்தை செத்த வாடை. அப்படி ஒரு வாடை இந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை. மஞ்சள் நத்தை நாலு இருந்தது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்றபடி நகரும், காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் இருக்காது, அவ்வளவுதான் அதன் வேகம். ஒரு நாள் நாலும் கீழே கிடந்தன. குட்டி எறா பத்துப் பன்னிரண்டு இருந்தது, இரண்டு நாளில் ஒன்றும் இல்லை. ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வளர்ப்புமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் காசிராஜன், தலை நரைத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்பார். நத்தை மேல ஏறி வருதா, கீழ கிடக்கா? கீழதான் கிடக்கு தம்பி, கூட்டுக்குள்ள சுருங்கிக்கிட்டு. எறா? நேத்தோட முடிஞ்சுது. ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டார், குலுக்கினார், நிறம் மாறியதும் ஒரு அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா, தண்ணியில செம்பு இறங்கியிருக்கு என்றார். எனக்கு அந்தக் கடையில் இருந்த அத்தனை தொட்டியும் ஒரே நேரத்தில் குபுகுபு என்று சத்தம் போட்ட மாதிரி இருந்தது. நத்தைக்கும் எறாவுக்கும் செம்பு ஆகவே ஆகாதுக்கா, துளி இருந்தாலும் அதுங்கதான் மொதல்ல போகும், மீனு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், பெறவு அதுவும் போகும். உள்ள காசு கீசு போட்டீங்களா? சில வீட்டுல கோயில் குளம்னு நெனச்சுக் காசு போட்டுருவாவ. இல்ல தம்பி என்றேன். காசு போடவில்லை, அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நிற்க முடியவில்லை, அதனால் இன்னொரு உண்மையையும் எடுத்துக் கொடுத்தேன். போன மாசம் குழா மாத்துனோம் தம்பி, பித்தளைக் குழா. அப்பிடிச் சொல்லுங்க, பித்தளையில முக்காவாசி செம்புதான என்றார். இரண்டு உண்மையைச் சேர்த்து ஒரு பொய் செய்தேன். மாவும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடிக்கிற மாதிரி. வரும்போது அவர் சொன்னது ஒன்றுதான் காதில் நிற்கிறது, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க, ஆனா காரணம் உள்ளயே கிடந்தா எத்தனை வாளி மாத்தியும் புண்ணியம் இல்லக்கா.

வீட்டுக்கு வந்து இவரிடம் குழாய் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு வாங்கியவர், சும்மா இருக்கிற மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்தது. பிளம்பர் மந்திரமூர்த்தியைப் போனில் பிடித்து வரவழைத்தார். என்னத்தவே மாட்டிட்டுப் போன? மீனு சாகக் கெடக்கு! அண்ணாச்சி, நான் குழா மாட்டுனது அடுப்பாங்கரையில, மீனு அங்கயா குடியிருக்கு? அந்தத் தண்ணியத்தாம்வே இவ தொட்டியில ஊத்துதா! நீங்க ரெண்டு பேரும் அதத்தான குடிக்கீங்க அண்ணாச்சி, நல்லாத்தான சண்டை போடுதீங்க! எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நல்ல குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். போகும்போது என்னைப் பார்த்து, அக்கா, எங்க வீட்டுலயும் இதே குழாதான் போட்டுருக்கேன், எம் பிள்ளையளும் அதத்தான் குடிக்கி, எனக்கு ஒண்ணும் வெளங்கல என்றார். அந்த முகம். திட்டு வாங்கிய முகம் இல்லை அது, தன் வீட்டுத் தண்ணீரை நினைத்துப் பயந்த முகம். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போனேன், செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார், காப்பி குடிக்கீங்களா தம்பி என்று கேட்டேன். சொல்ல வந்தது காப்பியாகிவிட்டது. நாகர்கோவிலில் இருந்து மகள் பிரின்சி போனில் கத்தினாள், எம்மா, மீனே சாகுற தண்ணியவா குடிச்சுக்கிட்டு இருக்கீங்க? அன்றிலிருந்து கேன் தண்ணீர். இவர் விடுவாரா, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், எதிர்வீட்டிலும் கேன் இறங்குகிறது. நான் மட்டும் இவருக்குத் தெரியாமல் அடுப்பாங்கரையில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கிறேன். பொய்க்கு அதுதான் நான் செய்கிற தவம் என்று வைத்துக்கொண்டேன். தவமா அது? நல்ல தண்ணீரைக் குடிப்பது ஒரு தவமா?

எந்த மணியில் இருக்கிறேன். நான்காம் பத்து, மாதா பிள்ளையைக் கோவிலில் காணிக்கையாய்க் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா? இதுதான், இங்கேதான் வந்து சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் இங்கேதான். ரெக்சனுக்கு நாலு வயதில் டெங்கு வந்தபோது நேர்ந்துகொண்டேன், பிழைத்தால் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று. பிழைத்தான். இந்த வருஷம் மழை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளினேன். அந்த வருஷமே மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். எல்லாப் பயலும்தான் மரத்தில் இருந்து விழுகிறான் என்று இவர் சொன்னார். எல்லாப் பயலுக்கும் அம்மா நேர்ச்சையைத் தள்ளிப்போட்டாளா? இப்போது அவன் இருப்பது மரத்தின் மேல் இல்லை. ஒன்பது நாளாகிறது பேசி. பத்து நாள் சிக்னல் இருக்காதும்மா, பயப்படாத, நானே கூப்பிடுதேன் என்றுதான் சொன்னான், கணக்குப்படி நாளைக்குத்தான் பத்து. ஆனாலும் டிவியில் கப்பல் என்று ஒரு சொல் வந்தாலே எழுந்துபோய் அணைத்துவிடுகிறேன். கடைசியாகப் பேசியபோதும் வழக்கம்போல முதல் கேள்வி அதுதான், கேப்டன் எப்பிடி இருக்கான்? நல்லா இருக்கான்யா. தொட்டியக் காட்டும்மா. போனைத் திருப்பிக் காட்டினேன். நத்தையெல்லாம் எங்கம்மா? கல்லுக்குப் பின்னால தூங்குதுய்யா. பகல்லயா? சிரித்தான். சிரிக்கும்போது அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தும் சிரித்தானோ? பதினெட்டு வருஷம் ஒன்றும் சொல்லாதவன்தானே.

பங்குச் சாமியிடம் போய்க் கேட்கலாம். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கச் சாமிக்கு அதிகாரம் உண்டு, அவர் ஒரு செபம் சொல்லி வேறே ஏதாவது செய்யச் சொல்லுவார். நாளைக்கு ஞாயிறு, பூசைக்குப் பிறகு கேட்கலாம். ஆனால் காலையில் காசிராஜனுக்குப் போன் போட்டபோது, மேல வந்து வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கானா, அப்பம் இன்னிக்குள்ள பாத்துக்கிடுங்கக்கா, நாளைக்கு இருக்க மாட்டான் என்றார். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் மகன். தராசில் வைத்துப் பார்க்கிற காரியமா இது? எந்த அம்மாவும் மீனை விட்டுவிடுவாள். நானும் விட்டுவிட்டேன், நத்தையை விட்டேன், எறாவை விட்டேன், மந்திரமூர்த்தியை விட்டேன். கேப்டன் ஒரு பக்கமாய்ச் சாய்கிறான், சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்கிறான், செவுள் அடித்துக்கொள்கிறது. அவன் தப்பித்து ஓட ஒரு இடமும் இல்லை, ஓடினாலும் அதே தண்ணீர், மூச்சு விட்டாலும் அதே தண்ணீர். ரெக்சனின் கழுத்து. புளி. எரியுதும்மா. கழட்டுனா மாதா கோவிச்சுக்கிருவாடா. யார் சொன்னது அதை? மாதாவா சொன்னாள்? எந்தப் பூசையில், எந்தப் பிரசங்கத்தில் அப்படிச் சொன்னார்கள்? நான்தான் சொன்னேன். அந்த நேரத்துக்குப் பிள்ளை வாயை அடைக்கச் சொன்ன ஒரு சொல். பூச்சாண்டி வருவான் என்கிற மாதிரி மாதா கோவிச்சுக்கிருவா. அந்தப் பூச்சாண்டியைத்தான் அவன் ஆணியில் மாட்டிவிட்டுப் போனானோ, அதையேதான் நான் எடுத்துத் தண்ணீருக்குள் போட்டேனோ.

ஐந்தாம் பத்து. காணாமல் போன மகனைக் கண்டது. மூன்று நாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, திருவிழாக் கூட்டம், முதல் நாள் சொந்தக்காரர்களோடு வருவான் என்று மாதா நினைத்திருக்கிறாள், சாயங்காலம் பார்த்தால் இல்லை. அந்த இரண்டாவது நாளை நான் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ட நாளைத்தான் செபத்தில் சொல்கிறோம், சந்தோஷம் என்று அதற்குப் பேர். நடுவில் ஒரு நாள் இருந்திருக்கிறதே, இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத நாள். அன்றைக்கு அவள் கையில் என்ன இருந்தது? எந்தக் கல்லுக்கு அடியில் எதை வைத்தாள்? ஒன்றும் இல்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள், அவ்வளவுதான். அந்தப் பொம்பளையா, ஒரு மீன் மூச்சு விடட்டும் என்று நான் மெடலை எடுத்ததற்காக என் பிள்ளையை விட்டுவிடுவாள்?

செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சேலையை இழுத்துச் செருகி, கையை விட்டேன், முழங்கை வரை, தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. கோட்டையை நகர்த்தினேன். கல்லுக்கு அடியில் முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், இல்லவே இல்லை, நான் போடவே இல்லை என்று. பிறகு சங்கிலி விரலில் சுற்றியது. கேப்டன் என்ன நினைத்தானோ, சாய்ந்தபடியே வந்து மணிக்கட்டில் வாயை வைத்தான், இரை என்று நினைத்திருப்பான், இத்தனை நாள் இந்தக் கைதானே போட்டது. வெளியே எடுத்தேன். எடுத்த அந்த நொடி எங்கேயோ ஒரு கடலில் ஏதோ ஒன்று அறுந்த மாதிரி இருந்தது. கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தண்ணீர் சொட்டுகிறது, உள்ளே குறட்டை ஏறி இறங்குகிறது, ஃபேன் சுற்றுகிறது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் மெடல் உள்ளே கிடந்த இந்த இரண்டு மாதமும்கூட எனக்கு ஒன்றும் தெரியாதுதான். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒன்றுதான் வித்தியாசம். மாதா முகமே தெரியவில்லை, பச்சையும் நீலமுமாய்ப் பூத்து, தொட்டால் மாவாய் ஒட்டுகிறது. என்னய இதுக்குள்ளயா போட்டு வச்ச என்று கேட்கிற மாதிரி இருந்தது. தாயே, இனிமேல் வெறுங்கையோடுதான் கேட்பேன். பழக்கமில்லை. பொறுத்துக்கொள்.

பழைய தண்ணீரைச் சட்டி சட்டியாக எடுத்து வெளியே ஊற்றினேன், வாளித் தண்ணீரை மெதுவாகக் கண்ணாடி ஓரமாய் விட்டேன், இந்தத் தடவை புண்ணியம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே. கேப்டன் மேலேதான் நிற்கிறான். உடனே சரியாகிவிடுமா என்ன. உள்ளே குறட்டை நின்றது. ஏட்டி செலின், தண்ணி கொண்டா. கேனைத் தாண்டி அடுப்பாங்கரைக்குப் போனேன், நான் காய்ச்சி வைத்ததில் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாதித் தூக்கத்தில் முகர்ந்து பார்த்தார், இது கேன் தண்ணியா? குழாத் தண்ணிங்க. ஏட்டி, என்னயக் கொல்லப் பாக்கியா? குடிங்க, தண்ணி நல்லாத்தான் இருக்கு. யாரு சொன்னா? மற்றக் கையில் இருந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தார், புரட்டிப் பார்த்தார், என் நனைந்த கையைப் பார்த்தார், தொட்டிப் பக்கம் பார்த்தார். கிரேன் ஓட்டின கண், தூரத்தில் இருந்தே எது எங்கே இருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடும். திட்டுவார் என்று நின்றேன். தம்ளரை அண்ணாந்து முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த மந்திரம்பயலுக்கு நான் போன் போடவா, நீ போடுதியா என்றார். நானே பேசுதேன் என்றேன்.

மெடலை வாங்கி, துணியில் துடைத்து, கதவுக்குப் பின்னால் அவன் மாட்டிவிட்டுப் போன அதே ஆணியில் மாட்டினேன். வந்து கழுத்தில் போடுவானோ மாட்டானோ, அது அவனுக்கும் அவளுக்கும் உள்ளது. உள்ளங்கை பூராவும் பச்சை. புளியைத் தேடிப் போகவில்லை. அந்தக் கையிலேயே போனைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் வந்து நின்றேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க மாட்டார், ஏன் எடுக்கப்போகிறார் என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார், அக்கா, அந்த மீனு எப்பிடிக்கா இருக்கு?

இருக்கான் தம்பி என்றேன். ஒங்க குழாயில ஒரு தப்பும் இல்ல.